பெக் ஹூனின் மூன்றாவது பிள்ளை

பெக் ஹூன் சாப்பாட்டுக்கு முன் மேசையில் பழைய செய்தித்தாளை விரிப்பாள். அந்த ஊரில் எல்லா வீட்டிலும் விரிப்பதுதான். மீன்முள்ளையும் இறால் ஓட்டையும் அதன்மேல் துப்பிக் கடைசியில் சுருட்டி எறிந்துவிட்டால் மேசை துடைக்கிற வேலை மிச்சம். ஆனால் அவள் விரிப்பதற்கு ஒரு முறை உண்டு. தாளை இரண்டு பக்கமும் புரட்டிப் பார்த்து, படிக்காத பக்கம் மேலே வரும்படி வைப்பாள். விளம்பரம் நிறைந்த தாள் பிள்ளைகள் பக்கம் போகும். சோற்றுக் கிண்ணத்தை வாயருகே பிடித்திருக்கும்போதே கண் கிண்ணத்து விளிம்புக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். குழம்பு சொட்டிய இடத்தில் தாள் ஊறிப் பின்பக்கத்து எழுத்து மேலே வரும், அதையும் படிப்பாள். முள் ஏதாவது ஒரு வரியின்மேல் விழுந்துவிட்டால் சாப்பாட்டுக் குச்சியின் நுனியால் அதை ஓரமாக நகர்த்துவாள், தூங்குகிற பிள்ளையின் கையை நகர்த்துவதுபோல. எதிரே உட்கார்ந்திருக்கும் கணவன் சூன் செங், “மீனைத் தின்னு, பேப்பரைத் தின்னாத” என்பான். அவன் பக்கத்துச் செய்தியை அவள் தலைகீழாகவே படித்துவிடுவாள்.

எண்பத்து நான்காம் வருஷத் தொடக்கத்தில் ஒருநாள், வவ்வால் மீனின் நடுமுள்ளுக்குக் கீழே அந்தச் செய்தி கிடந்தது. படித்த பெண்கள் கல்யாணத்தைத் தள்ளிப் போடுகிறார்கள், செய்துகொண்டாலும் ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள், படிக்காதவர்கள்தான் பெற்றுக்கொண்டே போகிறார்கள், இப்படியே போனால் நாட்டின் மூளை வற்றிவிடும் என்று மேடையில் ஆரம்பித்த பேச்சு காப்பிக்கடை வரைக்கும் வந்திருந்த காலம். புத்தி பத்துக்கு எட்டுப் பங்கு பிறப்பிலேயே வருவது, வளர்ப்பில் வருவது வெறும் இரண்டு பங்கு என்று கணக்கும் சொன்னார்கள். அதற்கு அரசாங்கம் இப்போது ஒரு வழி அறிவித்திருந்தது. பட்டதாரித் தாய் மூன்றாவது பெற்றால் அவள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் விரும்பிய தொடக்கப்பள்ளியில் முன்னுரிமை.

பெக் ஹூன் முள்ளை ஒதுக்கிவிட்டுக் கடைசி வரிவரை படித்தாள். அவள் வயிற்றில் அப்போது மூன்று மாதம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண்கள். அவள் படிப்பு ஆறாம் வகுப்பு.

“என்ன போட்டிருக்கு?” என்றான் சூன் செங்.

“படிச்ச உன் மச்சினிச்சி பெத்தா பரிசாம். நான் பெத்தா பாவமாம்.”

“பெரிய எழுத்துலயா, சின்ன எழுத்துலயா?”

“பெரிய எழுத்துல.”

“அப்ப நெசமாத்தான் இருக்கும்” என்று மீனின் கன்னத்துச் சதையைப் பிய்த்து அவள் கிண்ணத்தில் போட்டான். அந்தத் துண்டு வழக்கமாகச் சின்னவளுக்குப் போவது.

பெக் ஹூனுக்கு அப்போது முப்பத்தாறு வயது. தோ பாயோ அடுக்குமாடிக் குடியிருப்பில் மூன்றறை வீடு, பத்தாவது மாடி. மின்னணுத் தொழிற்சாலையில் இரவு வேலை. நுண்ணோக்கியில் கண்ணைப் பதித்துக்கொண்டு, தலைமயிரைவிட மெல்லிய கம்பியை மின்னணுச் சில்லின் இரண்டு முனைகளில் ஒட்ட வேண்டும். விடிகாலை வெளியே வந்தால் பேருந்து எண் இரண்டிரண்டாகத் தெரியும். சூன் செங்குக்குச் சோயாக்கட்டி ஏற்றும் லாரி ஓட்டுகிற வேலை. அவள் வந்து படுக்கும்போது அவன் சந்தைகளுக்குச் சரக்கு இறக்கக் கிளம்பிவிடுவான். படுக்கையில் அவன் படுத்த பள்ளம் இன்னும் சூடாக இருக்கும். அதில்தான் அவள் தூங்குவாள்.

தொழிற்சாலையில் பக்கத்து இருக்கை ரோக்கியாவுக்கு. மலாய்க்காரி, நாலு பிள்ளை பெற்றவள், வாய்க்குப் பூட்டு இல்லாதவள். விஷயம் தெரிந்த அன்று சிரித்துச் சிரித்துக் கம்பியைத் தவறவிட்டாள்.

“ஏ ஹூன், உனக்கு ராத்திரி வேலை. உன் ஆளுக்குப் பகல் வேலை. இதுல மூணாவது எப்படி வந்துச்சுன்னு அதையில்ல பேப்பர்ல போட்டிருக்கணும்!”

“லீவு நாளுன்னு ஒண்ணு குடுக்கறாங்கல்ல.”

“அப்ப தப்பு கம்பெனி மேல. போய் மேனேஜர்கிட்ட சொல்லு, புள்ளைக்கு அவர் பேரையே வெக்கிறேன்னு.”

மருத்துவமனையில் இப்படிச் சிரிக்க முடியவில்லை. தாதி நல்லவள்தான், குரலை உயர்த்தவில்லை. “மூணாவதா? என்ன படிச்சிருக்கீங்க? வீட்டுக்காரர்?” என்று கேட்டாள். ஆறாவது, நாலாவது என்று இவள் சொன்னாள். தாதி பேனாவை மூடிவிட்டு, “வேண்டாம்னா இன்னும் கொஞ்சம் நாள் இருக்கும்மா. யோசிச்சுப் பாருங்க. ரெண்டை நல்லா வளத்தா போதாதா?” என்றாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பெக் ஹூன் நிஜமாகவே யோசித்தாள். ஆசைப்பட்டு வந்த பிள்ளை இல்லை இது. சின்னவளுக்கு எட்டு வயது ஆகிவிட்டது. பழைய துணித்தொட்டிலை எப்போதோ யாருக்கோ கொடுத்தாகிவிட்டது. மறுபடியும் பால்புட்டி, மறுபடியும் பகல் தூக்கம் போவது என்று நினைத்தபோது மனசைவிட இடுப்புதான் முதலில் பதில் சொன்னது. எழுந்து வீட்டுக்குப் போனாள். அந்தக் கொஞ்ச நாளும் அப்படியே போய்விட்டது. முடிவு எடுத்தாள் என்று சொல்ல முடியாது. முடிவெடுக்க ஒரு தெம்பு வேண்டும், அது இல்லை.

ஐந்தாம் மாதத்தில்தான் தங்கை மேவிஸ் வந்தாள்.

அப்பா இறந்தபோது பெக் ஹூனுக்குப் பன்னிரண்டு, மேவிஸுக்கு ஏழு. அக்கா பள்ளியை விட்டு ரப்பர் தரம்பிரிக்கும் கொட்டகைக்குப் போனாள். அப்புறம் சவுரித் தொழிற்சாலை, அப்புறம் இது. தங்கை படித்துக்கொண்டே போனாள். பல்கலைக்கழகம் போய், ஞானஸ்நானம் எடுத்து, மேவிஸ் என்று பெயரும் வைத்துக்கொண்டு, உயர்நிலைப்பள்ளியில் வரலாறு நடத்தினாள். கணவன் கென்னத் அரசாங்கத்தில் பொறியாளன். ஐந்து வயதிலும் மூன்று வயதிலும் இரண்டு பெண்கள். அக்கா வேலைக்குப் போய்த் தங்கை படித்ததை இரண்டு பேரும் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை. மழை பெய்தது, ஒருத்தி நனைந்தாள், ஒருத்தி குடைக்குள் இருந்தாள். அதைப் போய் என்ன பேசுவது?

மேவிஸ் மீனெண்ணெய் டப்பாவை மேசைமேல் வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றாமலேயே உட்கார்ந்தாள். பிறகு ஞாபகம் வந்து கழற்றினாள்.

“டீச்சரம்மா இளைச்சுப் போயிட்டியே” என்றாள் பெக் ஹூன்.

“ஆசிரியர் அறைக்குள்ள போகவே பிடிக்கல அக்கா. ‘என்ன மேவிஸ், இன்னும் இல்லையா, நாடே உன்னத்தான் நம்பிட்டிருக்கு’ன்னு ஒருத்தர். கிண்டலா சொல்றாரா நெசமா சொல்றாரான்னும் தெரியல. தலைமையாசிரியர் என் வயித்தப் பாத்துத்தான் வணக்கம் சொல்றாரு. நல்ல ஜாதிப் பசுவப் பாக்கற மாதிரி பாக்கறாங்க.”

“என்னைத் தெருநாய் மாதிரி. அந்த நாய்க்கு ஊசிபோடற வண்டி வரும்ல, அது மாதிரி ஒரு தாதி. வண்டிக்கும் தாதிக்கும் வேலை ஒண்ணுதான், போ.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு மேவிஸ் தொட்டிக்குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வரமாட்டேங்குது அக்கா. ரெண்டு வருஷமா.”

“டாக்டர்கிட்ட காட்டினியா?”

“காட்டியாச்சு. ஒண்ணுமில்லைங்கறாங்க. கென்னத்தும் போனாரு, அவருக்கும் ஒண்ணுமில்ல.”

“வராட்டிப் போவுது. ரெண்டு இருக்குல்ல.”

“அவருக்கு வேணும். அத்தைக்குப் பேரன் வேணும். பெரியவளுக்கு அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துல பதியணும், அந்தப் பள்ளிக்கூடந்தான் வேணும்னு நிக்கறாரு. மூணாவது இருந்தா தானா கிடைக்கும். அத்தை ஒரு சாமியாடிகிட்ட போயிருக்காங்க. சொந்த ரத்தத்துல ஒரு புள்ளைய வீட்டுக்குள்ள கூட்டிட்டு வா, அது பின்னாடியே இன்னொண்ணு கையப் பிடிச்சுக்கிட்டு வரும்னு அவரு சொல்லிட்டாராம்.” மேவிஸ் இப்போதுதான் அக்காவைப் பார்த்தாள். “நீ இத என்கிட்ட குடுத்துடேன்.”

அந்த ஊரில் இது காதில் விழாத பேச்சு இல்லை. பிள்ளை அதிகமான வீடு பிள்ளை இல்லாத வீட்டுக்குக் கொடுக்கும். பெற்றவளுக்குச் சிவப்பு உறையில் பால்காசு வைப்பார்கள். கொடுத்தவள் அதை மறுக்கக் கூடாது. அதற்குப் பிறகு பெற்றவளைப் பிள்ளை அத்தை என்று கூப்பிடும். சூன் செங்கே கொடுத்த பிள்ளைதான். பிறந்த நாற்பதாம் நாள் அவனை ஒரு நூடுல்ஸ் கடைக்காரர் வீட்டில் கொடுத்தார்கள்.

“தத்து எடுத்தா கணக்குல சேருமா?” என்று மட்டும் கேட்டாள் பெக் ஹூன்.

“தெரியல. கென்னத் யார்கிட்டயோ விசாரிக்கறாரு.”

“சாமியாடியோட தூண்டில்ல என் புள்ள புழு.”

“அப்படிச் சொல்லாத அக்கா. அது என் வீட்டுல ராஜா மாதிரி வளரும். உனக்கும் இந்த வயசுல எதுக்கு? உன் கண்ணப் பாரு.”

கண்ணைப் பற்றிச் சொன்னது மட்டும் உண்மை என்பதால் பெக் ஹூனால் அதற்குக் கோபப்பட முடியவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்றாள். சூன் செங்கிடம் சொன்னபோது அவன் காலைத் தேய்த்துக்கொண்டே, “குடேன். எனக்கு என்ன கெட்டுப்போச்சு? நூடுல்ஸ் கடையில வளந்தேன், ஒருநாள் பசிச்சதில்ல” என்றான். அவன் பேச்சில் வருத்தம் எதுவும் இல்லை. அதுவே அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது. அந்த வாரத்தில் தொழிற்சாலைக்குப் போகும் பேருந்தில் அவள் தன்னையே பிள்ளைக்கு அத்தையாக்கிப் பார்த்தாள். புதுவருஷத்துக்கு ஆரஞ்சு வாங்கிக்கொண்டு போவது, பியானோ சத்தம் கேட்கிற வீட்டில் வெள்ளைக் காலுறையோடு ஒரு பிள்ளை வந்து கும்பிடுவது. அவ்வளவு கஷ்டமாக இல்லை. பெரும்பாலும் தூக்கக் கலக்கத்தில்தான் யோசித்தாள் என்பதால் எதுவுமே அவ்வளவு கஷ்டமாக இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கென்னத் சாப்பிடக் கூப்பிட்டிருந்தான். பிள்ளைகளைப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார வைத்து, லாரியிலேயே போனார்கள். தரைவீடுகள் இருக்கும் தெரு. சூன் செங் வழக்கம்போல இரண்டு தெரு தள்ளி மரத்தடியில் லாரியை நிறுத்தினான். சோயாக்கட்டித் தண்ணீர் வாடை அந்த வீட்டுவாசலில் வீசக் கூடாது என்பது அவனாக வைத்துக்கொண்ட சட்டம்.

மேசையில் கோழி, இறால், நண்டு. கீழே செய்தித்தாள் இல்லை, வெள்ளைத் துணி விரித்திருந்தது. பிள்ளைகள் முறைப்படி ஒவ்வொரு பெரியவரையும் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். “அப்பா சாப்பிடுங்க, அம்மா சாப்பிடுங்க, சித்தி சாப்பிடுங்க, சித்தப்பா சாப்பிடுங்க.” பெக் ஹூனின் பெரிய பெண் பெய் சான் பதினொரு வயதிலும் இதில் ஒருத்தரை விட்டுவிடுவாள், அன்றும் கென்னத்தை விட்டுவிட்டு, திருத்திக்கொண்டு, முகம் சிவந்தாள். ஒன்பது வயதிலேயே ஒரு பரீட்சை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தார்கள் அல்லவா, அதில் மெதுவான வகுப்புக்குப் போனவள் அவள். அதற்குப் பிறகு எதையும் மெதுவாகத்தான் செய்தாள், சொன்னபடி கேட்கிற பிள்ளை என்பதாலோ என்னவோ.

கென்னத் கெட்டவன் இல்லை. அக்காவின் தட்டில் நண்டுக் காலை உடைத்து உடைத்து வைத்தான். சூன் செங்குக்குப் பீர் ஊற்றினான். “அண்ணே, அந்தப் பெரிய சந்தைப் பக்கம் ரோடு தோண்டறாங்களே, உங்களுக்கு எப்படி?” என்று அக்கறையாகக் கேட்டான். சாப்பாடு முடிந்து பழம் எடுக்க உள்ளே போனான். மேவிஸும் போனாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் மணிச்சரத் திரை மட்டுந்தான். உள்ளே பேச்சு ஆங்கிலத்தில் நடந்தது. அக்காவும் அத்தானும் சீனப்பள்ளி. புரியாது என்று நினைத்துக்கொண்டார்கள். பதினாறு வருஷம் ஆங்கிலத்தில் திட்டு வாங்கிய தொழிற்சாலைக்காரிக்குப் புரியாதா? சூன் செங் சின்ன வயதில் பிரிட்டிஷ் படைமுகாமில் தட்டு கழுவியவன். அவனுக்கு இன்னும் நன்றாகவே புரியும். யாரும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை.

“நான் தப்பா சொல்லல மேவிஸ்” என்றது கென்னத்தின் குரல். “ஆனா அந்தப் பெரிய பொண்ண எங்க போட்டிருக்காங்க பாத்தேல்ல? அதே வயிறுதான?”

“அது அக்கா வழி இல்ல கென்னத். அக்கா வகுப்புல எப்பவும் முதல். எங்க வீட்டுல என்னைவிட அவதான். இது அத்தான் பக்கம். நாலாவது கூட முடிக்காதவரு. பெத்தவங்களே வேண்டாம்னு குடுத்துட்ட புள்ள.”

“அப்ப பாதிக்குப் பாதி.”

“பாதிக்குப் பாதி. மீதிய நாம வளக்கறதுல சரிபண்ணிக்கலாம்.”

சூன் செங் அப்போது மேவிஸின் சின்னப் பெண்ணுக்குப் பம்பளிமாஸ் உரித்துக்கொண்டிருந்தான். சுளையின் மேல்தோலைக் கிழியாமல் எடுத்து, விதையை விரலால் தள்ளி, பிள்ளையின் வாயில் வைத்தான். அடுத்த சுளையை எடுத்தான். அவன் கை நிற்கவில்லை என்பதைத்தான் பெக் ஹூன் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் வந்திருந்தால் நின்றிருக்கும்.

திரும்பும்போது லாரியில் அவள் முன்னால் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். பின்னால் பிள்ளைகள் தார்ப்பாயைத் தட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள்.

“புரிஞ்சுதா?” என்றாள்.

“ம்.”

சிவப்பு விளக்கில் நின்றான்.

“குடுத்துடு ஹூன்.”

“நீ என்ன சொல்ற?”

“அங்க போனா என் பாதிய அவங்க சரிபண்ணிக்குவாங்க. படிச்சவங்க. இங்க இருந்தா முழுசா என்ன மாதிரியே ஆயிடும்.” குத்தலாகச் சொல்லவில்லை. எந்தச் சந்தைக்கு எத்தனை தட்டு என்று கணக்குப் பார்க்கும் குரலில் சொன்னான்.

கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷத்தில் அவன் வெட்கப்பட்டு அவள் பார்த்ததில்லை. கடன்காரன் கதவைத் தட்டியபோதும் சிரித்துக்கொண்டே திறந்தவன். இப்போது தெருவிளக்கு முகத்தில் விழும்போதெல்லாம் தாடையைத் தடவிக்கொண்டான், அங்கே ஏதோ ஒட்டியிருப்பதுபோல.

“புதுவருஷத்துக்கு உன்னைப் பெத்த அம்மா வீட்டுக்குப் போறியே” என்றாள். “நீ அத்தைன்னு கூப்பிடறப்ப அவங்க என்ன சொல்வாங்க?”

“என்ன சொல்வாங்க? சாப்பிட்டியான்னு கேப்பாங்க.”

“அப்புறம்?”

“அவ்வளவுதான். எல்லாரும் அதத்தான கேக்கறாங்க.” பச்சை விழுந்தது, அவன் கியரைப் போடவில்லை. பின்னால் வண்டிகள் ஒலியெழுப்பின. “ஒவ்வொரு வருஷமும் ரெண்டு தடவ கேப்பாங்க. சாப்பிட்டேன்னு சொன்ன பிறகும் ஒரு தடவ.”

லாரி நகர்ந்தது. அதற்கு மேல் அவளுக்கு யோசிக்க ஒன்றும் இல்லாமல் போயிற்று. பிள்ளையின்மேல் திடீரென்று பாசம் பொங்கியதென்றும் சொல்ல முடியாது. அது இன்னும் முகமில்லாத ஒரு பாரம்தான். ஆனால் அதை அந்த வீட்டில் கொண்டுபோய் விட்டால், பாதி அழுக்கு என்று இந்த மனுஷனே கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததாக ஆகிவிடும். அவளால் அது ஆகாது.

மறுவாரம் மேவிஸின் பள்ளிக்கூடத்துக்கு எதிரே இருக்கும் உணவுக்கடையில் சந்தித்தார்கள். சிவப்பும் பச்சையுமாகச் சாயம் ஊற்றி மலைபோல் குவித்த துருவல் ஐஸை மேவிஸ் இரண்டு கிண்ணம் வாங்கி வைத்திருந்தாள். சின்ன வயதில் ஒரு கிண்ணம் வாங்கி இரண்டு கரண்டி கேட்பார்கள்.

“குடுக்கலடி” என்றாள் பெக் ஹூன். உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும்.

மேவிஸ் கரண்டியை வைத்தாள். “அன்னிக்கு உள்ள பேசினது கேட்டுச்சா?”

“கேட்டுச்சு.”

“அக்கா, அது நான் கென்னத்த சமாதானப்படுத்த...”

“உங்க அத்தானுக்கும் கேட்டுச்சு.”

மேவிஸ் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். மேசைமேல் கையை நீட்டி அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “அத்தான் கால்ல வேணா விழறேன். திட்டு, அடி. ஆனா இத மட்டும் இல்லைன்னு சொல்லாத. நான் உன்கிட்ட வாயத் திறந்து எதுவுமே கேட்டதில்ல. கேக்காமலே எல்லாம் செஞ்ச. இது ஒண்ணுதான் கேக்கறேன்.”

“ஒரு பள்ளிக்கூடத்துக்காகவாடி?”

“பள்ளிக்கூடத்துக்காக இல்ல.”

“பின்ன சாமியாடிக்காகவா? இங்க பாரு. பேப்பர்ல போட்ட மாதிரி எல்லாம் ரத்தத்துல வருதுன்னா, பெய் சானும் நம்ம அப்பா பேத்திதான். வளக்கறதுல வருதுன்னா, அவங்க எதுக்கு உன் வயித்தப் பாத்துட்டிருக்காங்க? ஏதாவது ஒண்ணு சொல்லச் சொல்லு. என் வயித்துல இருந்தா மந்தம், உன் வீட்டு வாசல் தாண்டினா புத்திசாலி, அது எப்படின்னு எனக்கு விளங்கல. நான் ஆறாவதுதான்.”

மேவிஸ் என்னவோ சொல்ல வாயைத் திறந்தாள். பிறகு மூடிக்கொண்டாள். பிடித்த கையை விட்டாள். பள்ளி மணி அடித்தது. “எனக்கு வகுப்பிருக்கு” என்று எழுந்து போனாள். இரண்டு கிண்ணத்திலும் ஐஸ் உருகி ஒரே நிறமாகிவிட்டது. வீணாக்க மனமில்லாமல் பெக் ஹூன் இரண்டையும் குடித்தாள்.

ஜூலையில் பிறந்தது. மறுபடியும் பெண். சூன் செங் முதல்நாள் கிட்டவே வரவில்லை. இரண்டாம் நாள் வந்து, பிள்ளையின் காது மடிப்பைத் திருப்பிப் பார்த்து, “என் காது” என்றான், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. “அந்தக் காதுக்கு என்ன குறைச்சல்? நான் திட்டறதெல்லாம் இத்தனை வருஷமா அதுலதான போட்டுக்கிட்ட” என்றாள் பெக் ஹூன். அப்போதுதான் தூக்கினான்.

பிள்ளைக்கு ஒரு மாதம் நிறைந்த விசேஷத்துக்குச் சிவப்புச் சாயமிட்ட முட்டை எல்லா வீட்டுக்கும் போயிற்று. மேவிஸ் தனியாக வந்தாள். பிள்ளையின் காலில் தங்கக் காப்பு போட்டாள், அத்தானுக்குத் தன் கையால் தேநீர் எடுத்துக் கொடுத்தாள், கொஞ்ச நேரத்தில் போய்விட்டாள். பிள்ளையைத் தூக்கவில்லை. பெக் ஹூன் அதை வீம்பு என்று எடுத்துக்கொண்டாள்.

அடுத்த வருஷமே அந்தத் திட்டம் வேண்டாமென்று கைவிடப்பட்டது. பட்டதாரித் தாய்மார்களே பலர் அதை எதிர்த்தார்கள். கென்னத்தின் பெண் வேறொரு பள்ளியில் சேர்ந்தாள், நன்றாகவே படித்தாள். இன்னும் இரண்டு வருஷத்தில், முடிந்தவர்கள் மூன்று பெறலாம் என்று எல்லாருக்குமே புதுச் சுவரொட்டி வந்தது. தொழிற்சாலை வாசலில் அதைப் பார்த்து ரோக்கியா, “ஹூன், உன்னைத்தான் பாத்து வரைஞ்சிருக்காங்க, போய்க் காசு கேளு” என்றாள். பெக் ஹூனுக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கண்ணாடி போட்டும் அப்போதெல்லாம் கம்பி இரண்டாகத்தான் தெரிந்தது.

அக்காளும் தங்கையும் புதுவருஷத்துக்கு ஆரஞ்சு மாற்றிக்கொண்டார்கள். சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டார்கள். அதற்கு மேல் போகவில்லை. மேவிஸுக்கு மூன்றாவது வரவேயில்லை. பேரன் இல்லாத குறையோடு மாமியார் போய்ச் சேர்ந்தார். குறை மேவிஸின் உடம்பில் என்றுதான் அந்த வீட்டில் எல்லாரும் பேசினார்கள், அவள் எதிரிலேயே.

தொண்ணூற்றாறில் மேவிஸுக்குக் கருப்பையில் கட்டி என்று சொன்னார்கள். கென்னத் வேலையாக வெளிநாட்டில் இருந்தான். ஆள் துணைக்கு அவள் கூப்பிட்டது அக்காவைத்தான். சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் சாயங்காலம் இளம் மருத்துவர் ஒருவர் கட்டில் ஓரத்தில் நின்று கேள்விகள் கேட்டார். மருந்து ஏதாவது ஒத்துக்காதா, சர்க்கரை உண்டா, இதற்கு முன்னால் வயிற்றில் ஏதாவது சத்திரசிகிச்சை நடந்திருக்கிறதா?

மேவிஸ் அக்காவை ஒருதடவை பார்த்தாள். போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டாள்.

“கருக்குழாய் கட்டியிருக்கு டாக்டர்” என்றாள். “ரெண்டாவது பிரசவத்துக்கு மறுநாள். எண்பத்தொண்ணுல. அப்ப ரெண்டு போதும்னு சொல்லிட்டிருந்தாங்க, நானும் ரொம்பக் களைச்சுப் போயிருந்தேன். நானாத்தான் கையெழுத்துப் போட்டேன். என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது.”